அத்தியாயம் 7: வெயில் அடிவாரத்தில் குதிரையோடு ஏரிக்கரை முகாம்

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடர் மேற்கே சரிந்து சமவெளியைத் தொடும் இடத்தில் வடக்கு தெற்காக ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஓரோவில், ஃபோல்சம், ஈஸ்ட்மன் என்று பெயர்கள் பல. பிறப்பு ஒன்றுதான்: மலையிலிருந்து இறங்கும் ஆறுகளை அணை கட்டித் தேக்கிய நீர்ப்பரப்புகள். கரையேறினால் ஓக் மரங்கள், சாம்பல் நிறப் பைன்கள், இடையிடையே புல்மேடுகள். மழை குளிர்காலத்தில் பெய்யும். மே மாதம் பிறந்ததும் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வாடிக்கை.

குதிரையோடு முகாமிட இது அருமையான நாடு. ஆனால் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருப்பதாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் குதிரைக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்பதே கணக்கு. இந்த அத்தியாயத்தில் வரும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒரு கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வதற்காகத்தான்.

எப்போது போகலாம்

மார்ச் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை முதல் தரமான காலம். புல் பசுமையாக இருக்கும், ஓடைகளில் நீர் ஓடும், நண்பகலிலும் சவாரி போகலாம். அடுத்த நல்ல காலம் அக்டோபர், நவம்பர். இடைப்பட்ட கோடையில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பகல் முழுவதும் நிழலில் கழியும் என்று ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். மழைக்காலத்தில் அடிவாரத்துச் செம்மண் சேறாகிவிடும். குளம்பு வழுக்கும், தடமும் கெடும். அதனால் பல தடங்களை மழைக்குப் பின் சில நாள் மூடிவைப்பார்கள். புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பது

எல்லா முகாமிலும் குதிரையை அனுமதிப்பதில்லை. குதிரைக்கென ஒதுக்கிய இடம்தான் வேண்டும். ஓரோவில் ஏரியில் லோஃபர் க்ரீக் பகுதியில் அப்படி ஒரு முகாம் உண்டு. தங்குமிடத்தின் அருகிலேயே குதிரையைக் கட்டவும் தீனி வைக்கவும் இடம், தனியே கழுவுமிடம் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கும் ஈஸ்ட்மன் ஏரியிலும் குதிரையோடு தங்கலாம்.

முன்பதிவு செய்யும்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

- குழாய்த் தண்ணீர் இப்போது வருகிறதா? வறட்சிக் காலத்தில் சில முகாம்களில் நிறுத்திவிடுவார்கள்.
- ஓர் இடத்துக்கு எத்தனை குதிரை அனுமதி?
- மரத்தில் கயிறு கட்டலாமா, அவர்கள் நட்ட கம்பத்தில்தான் கட்ட வேண்டுமா?
- நீளமான டிரெய்லர் பின்னோக்கி எடுக்காமல் நுழைந்து வெளியேற வழி உண்டா?
- பிற்பகல் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழும்?

கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காது. வரைபடத்தில் மேற்குப் பக்கம் மரம் இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். காலை நிழலைவிடப் பிற்பகல் நிழல் பத்து மடங்கு பெறும்.

வீட்டிலேயே ஒத்திகை

முகாமில் குதிரை புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கக் கூடாது. இரவு முழுவதும் கட்டுண்டு நிற்பது, இருட்டில் டிரெய்லரில் ஏறுவது, வாளியில் குடிப்பது, ஹோஸ் தண்ணீர் மேலே பட்டால் துள்ளாமல் நிற்பது ஆகிய நான்கையும் கிளம்புவதற்குப் பல வாரங்கள் முன்பே பழக்குங்கள்.

தீனியை மாற்றவே மாற்றாதீர்கள். வீட்டில் தின்னும் உலர்புல்லையே கட்டி எடுத்துப் போங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ புல் தேவை. ஒரு நாளைக்கான புல் கூடுதலாக இருக்கட்டும். வழக்கமான புல்லோடு குதிரைமசாலும் கொடுப்பவர்கள் அதே விகிதத்தில் தொடரட்டும். முகாமுக்கு வந்த இடத்தில் தாராளம் காட்ட வேண்டாம். திடீர்த் தீனி மாற்றமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் குடல் கட்டிக்கொண்டு வயிற்று வலி வரும். குதிரை வாந்தி எடுக்க முடியாத பிராணி. அதற்கு வயிற்று வலி என்றால் அது உயிர்ப் பிரச்சினை.

வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் குதிரைத் தொற்றுச் சோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் பரிசோதனைச் சான்றும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வைத்திருக்க வேண்டும். தடுப்பூசிகளில் டெட்டனஸும் வெஸ்ட் நைல் காய்ச்சலும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் நைல் கொசுவால் பரவுவது, ஏரிக்கரை என்றால் கொசு இல்லாமல் இருக்காது.

வழிப்பயணம்

விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிடுவது உத்தமம். ஓடும் டிரெய்லரில் காற்று வரும். போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்டால் அதே பெட்டி அடுப்பாகிவிடும். முந்தின நாளே டயர் காற்று, சக்கர பேரிங், தரைப்பலகை, இணைப்புக் கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். டயர் வெடிப்பது பெரும்பாலும் கோடையில்தான். மாற்று டயர் ஒன்றும், குதிரையை இறக்காமலே டயர் மாற்ற உதவும் சாய்மேடை ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். வேகச்சாலை ஓரத்தில் குதிரையை இறக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஓய்விடங்களில் புல் மேயவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா வேகச்சாலை நெடுகிலும் அழகுக்காக அரளி நட்டிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி அரளி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். காய்ந்த இலையிலும் விஷம் குறையாது.

கட்டும் முறை

முகாமில் தயார் கொட்டடி இருந்தால் வேலை மிச்சம். இல்லாவிட்டால் நம்பகமானது உயர்கயிறு. இரண்டு உறுதியான மரங்களுக்கோ கம்பங்களுக்கோ இடையே, குதிரையின் தலைக்கு மேல் வரும் உயரத்தில், தொய்வில்லாமல் ஒரு கயிறு. மரத்தைச் சுற்றி அகலமான பட்டை போட்டு அதில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைப் பட்டுப்போகச் செய்யும். குதிரைக்குக் குதிரை மூன்று மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

தொங்கும் கட்டுக்கயிற்றின் நீளத்தில்தான் சூட்சுமம். தலையைத் தாழ்த்தினால் உதடு தரையில் இருக்கும் புல்லைத் தொட வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண்கூட விடக் கூடாது. விட்டால் இரவில் முன்னங்கால் கயிற்றைத் தாண்டிவிடும். பிறகு குதிரை மிரண்டு இழுக்கும், காயம்தான் மிஞ்சும். முடிச்சு எப்போதும் உருவுமுடிச்சாக, நுனியை இழுத்தால் நொடியில் அவிழ்வதாக இருக்கட்டும். இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

எடுத்துச் செல்லும் மின்வேலி வசந்தத்தில் நன்றாக வேலை செய்யும். கோடையில் காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குதிரைக்கு அதிர்ச்சியே தெரியாது, வேலி வெறும் நாடாவாகிவிடும். தரைக்கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் ஓரளவு சரியாகும். ஆனால் வேலிக்கம்பி காய்ந்த புல்லில் உரசினால் தீப்பொறி பறக்கும். அதனால் கோடையில் மின்வேலியைத் தவிர்ப்பதே நல்லது.

தண்ணீர்க் கணக்கு

500 கிலோ குதிரை மிதமான நாளில் சும்மா நின்றாலே 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். வெயில் நாளில் சவாரியும் போனால் இது இரட்டிப்பாகும். வாளியில் சொன்னால், 20 லிட்டர் வாளியில் மூன்று. குதிரை கடுமையாக உழைத்தால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் வியர்வையில் உப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அதனால் வியர்த்ததும் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடி, நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் மூளைக்குத் தாகச் செய்தி போய்ச் சேர்வதில்லை. உடல் வற்றிக்கொண்டிருக்கும் குதிரை வாளியை ஏறெடுத்தும் பார்க்காமல் நிற்பதன் காரணம் இதுதான். ‘தாகமில்லை போலிருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள்.

உலர்வெப்பம் இதில் இன்னொரு மறைப்பு போடுகிறது. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டிப் பார்த்து, 130க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180 என்றால் சவாரியே வேண்டாம் என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. அடிவாரத்தில் 105 டிகிரி, 15 விழுக்காடு ஈரப்பதம் என்றால் கூட்டுத்தொகை 120தான். பார்த்தால் பத்திரமான எண். ஆனால் அந்தக் காற்றில் வியர்வை சுரந்த வேகத்தில் ஆவியாகிவிடும். குதிரை நனைந்தே தெரியாது. சேணத்தை இறக்கினால் முதுகில் வெள்ளை உப்புக்கோடுகள் மட்டும் இருக்கும். குதிரை இழந்த தண்ணீருக்கு அந்தக் கோடுகள்தான் சாட்சி.

குடிக்க வைக்கும் வழிகள்:

- முதல் நாளுக்கான தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். புது இடத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருக்கும். குதிரை மூக்கை நீட்டி முகரும், மேலுதட்டைச் சுருட்டும், ஒரு மடக்கு வாயில் எடுத்து ஓரத்தில் ஒழுகவிடும், பிறகு திரும்பிக்கொள்ளும். வீட்டுத் தண்ணீரில் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினால் இந்த வீம்பு இராது.
- உலர்புல்லை நனைத்துக் கொடுங்கள். தின்னும்போதே நீர் உள்ளே போகும்.
- அன்றாடம் 30 கிராம் சாதா உப்பு தீனியில் சேருங்கள். வியர்த்த நாளில் எலக்ட்ரோலைட் கொடுக்கலாம். ஆனால் குடிக்காத குதிரைக்கு எலக்ட்ரோலைட்டைப் புகட்டக் கூடாது. பக்கத்தில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.
- வாளியின் உட்புறத்தில் அளவுக்கோடு போட்டு, குடித்ததைக் குறித்து வையுங்கள்.
- பொதுத் தொட்டியில் குடிக்க விடாதீர்கள். அடுத்தவர் வாளியைக் கடன் வாங்காதீர்கள். சளியும் குதிரை ஹெர்ப்பிஸ் நோயும் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஏரிக்குள் இறங்கும்போது

கோடை முதிர முதிர ஏரி இறங்கும். ஓரோவில் ஏரியின் நிறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 900 அடி. 2021 வறட்சியில் ஆகஸ்ட் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 640 அடிக்கு இறங்கி, அணையின் நீர்மின் நிலையம் வரலாற்றில் முதல்முறையாகத் தண்ணீர் இல்லாமல் நின்றது. இப்படி இறங்கிய ஏரியில் முகாமுக்கும் தண்ணீருக்கும் நடுவே செங்குத்தான வெற்றுக்கரை நிற்கும். அடியில் புதைசேறு. மேலே ஓடு போல் காய்ந்திருக்கும் மண் 500 கிலோவைத் தாங்காது. முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். உங்கள் செருப்பு புதைந்தால் குதிரையைக் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை வண்ணம் கொட்டியது போலப் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு காய்ச்சினாலும் போகாது. கலிஃபோர்னியாவில் இதற்கு ‘கவனம்’, ‘எச்சரிக்கை’, ‘அபாயம்’ என்று மூன்று படிகளில் பலகை வைக்கிறார்கள். பலகை இல்லாவிட்டாலும் படலம் இருந்தால் குதிரையும் நாயும் கிட்டே போகக் கூடாது.

நல்ல கரை, தெளிந்த நீர் என்றால் இறங்கலாம். மனிதர்கள் குளிக்கும் துறையில் குதிரைக்கு இடமில்லை. இறங்குமுன் தலையைத் தாழ்த்திப் பிடிக்கும் வார்கள் அத்தனையும் கழற்றிவிடுங்கள். நீந்தும் குதிரை மூக்கை மேலே தூக்கித்தான் மூச்சுவிட முடியும். வார் இழுத்துப் பிடித்தால் நல்ல நீச்சல் குதிரையும் மூழ்கிவிடும்.

வெயில் நாளின் நேர ஒழுங்கு

காலை 4:30: தண்ணீர், புல், உடல் சோதனை.
5:30 முதல் 9 வரை: சவாரி. நீர் கிடைக்கும் இடமெல்லாம் நின்று போங்கள்.
9 முதல் 10 வரை: சேணம் இறக்கிக் கழுவுதல், ஆறவைத்தல்.
10 முதல் மாலை 6 வரை: நிழல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாளி. ஈ மறைப்புத் துணி.
மாலை 7: தேவையானால் கைப்பிடியில் சிறு நடை, பெரிய தீனி.
இரவு 10: நிரம்பிய வாளி, லத்திக் கணக்கு, முடிச்சுகளைப் பார்த்தல்.

லத்திக் கணக்கைக் கேலியாக நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான குதிரை நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை லத்தி போடும். எண்ணிக்கை பாதியாகி, உருண்டைகள் சிறுத்து வறண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

சோதித்துப் பார்க்கும் விதம்

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். உங்கள் குதிரையின் எண்களை வீட்டிலேயே எடுத்து எழுதி வையுங்கள். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

சவாரி முடிந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் நாடி 60 அல்லது 64க்குக் கீழே வந்துவிட வேண்டும். நெடுந்தூரப் பந்தயங்களில் மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். 1955 முதல் நடந்து, இதே அடிவாரத்தில் முடியும் டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில், 100 மைல் கடந்து ஆபர்ன் நகரைச் சேர 24 மணி நேரம் தருகிறார்கள். வழியெல்லாம் மருத்துவச் சோதனை உண்டு. நாடி இறங்காத குதிரையை மேலே போகவிடமாட்டார்கள். வென்றவர் குதிரையும் முடிவில் ‘தொடரத் தகுதியுள்ளது’ என்று தேற வேண்டும்.

ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விடுங்கள். கூடாரம் போல் நின்றுவிட்டால் உடல் வற்றியிருக்கிறது. விலாவுக்குப் பின்னே காதை வைத்துக் கேளுங்கள். குடல் இரைய வேண்டும். சத்தமே இல்லையென்றால் மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்.

உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூச்சு இரைத்து, குதிரை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுத்து, நெஞ்சு, முதுகு, புட்டம் என்று உடல் முழுவதும். சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் பழையது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அது தவறு என்று காட்டிவிட்டன. வழித்தெடுப்பதில் நேரத்தைப் போக்காமல் ஊற்றுவதைத் தொடருங்கள். கூடவே ஒருவர் மருத்துவருக்குப் போன் செய்யட்டும்.

செடி, பூச்சி, பாம்பு

கோடையில் எல்லாப் புல்லும் காய்ந்தபின் பச்சையாக நிற்பது மஞ்சள் நட்சத்திர முட்செடி. குதிரை வாரக்கணக்கில் தின்றால் மூளையில் வாயை இயக்கும் பகுதி அழிந்துபோகும். மருத்துவம் கிடையாது. இரண்டு நாள் முகாமில் அந்த அளவுக்குத் தின்னாது என்றாலும் ருசி பழக்கிவிடாதீர்கள். நரிவால் புல்லின் கூர்நுனிகள் நாக்கிலும் ஈறிலும் ஏறிப் புண்ணாக்கும். தினமும் வாயைத் திறந்து பாருங்கள்.

மூன்று மூன்று இலையாக நிற்கும் நச்சு ஓக் புதரால் குதிரைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதன் பால் குதிரையின் ரோமத்தில் ஒட்டி உங்கள் கைக்கு வரும். சேங்கொட்டைப் பால் பட்டது போல் கொப்புளிக்கும். சந்தேகமிருந்தால் கையுறையோடு குதிரையைக் கழுவுங்கள்.

ராட்டில் பாம்பு எனப்படும் கிலுகிலுப்பை விரியன் மாலையில் தடத்தில் வந்து கிடக்கும். ஆர்வத்தால் குனிந்து முகரும் குதிரைக்கு மூக்கிலேயே கடி விழும். குதிரை வாயால் மூச்சுவிடாது. மூக்கு வீங்கினால் மூச்சே அடைபடும். நாசித் துளைகளைத் திறந்து வைக்கச் சிறு குழாய்கள் செருகும் முறையை முன்கூட்டியே மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைக் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம். குதிரையை நடத்தாமல் நிறுத்தி, டிரெய்லரை அதனிடம் கொண்டு வாருங்கள்.

தீ

ஓரோவில் இருக்கும் பியூட் மாவட்டத்தில்தான் 2018 நவம்பர் 8 அன்று கேம்ப் ஃபயர் எனப்படும் காட்டுத்தீ பாரடைஸ் ஊரை அழித்தது. 85 பேர் இறந்தார்கள். நவம்பரிலும் மழை பிந்தினால் ஆபத்து நீங்குவதில்லை. தேசிய வானிலைச் சேவை ‘சிவப்புக் கொடி’ எச்சரிக்கை கொடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

முகாமில் டிரெய்லரை வண்டியோடு இணைத்தே, முகப்பு சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். வெளியேற இரண்டு வழிகள் தெரிந்திருக்க வேண்டும். நைலான் தலைக்கட்டு தீயில் உருகித் தோலில் ஒட்டும். தோல் தலைக்கட்டோ பருத்திக் கயிறோ வைத்திருங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் குளம்பில் எழுதிவிடலாம்.

கிளம்புமுன்

லத்தியை வாரி முகாமில் சொல்லும் இடத்தில் கொட்டுங்கள். சிந்திய புல்லைக் கூட்டுங்கள். குளம்பு தோண்டிய பள்ளங்களை மூடுங்கள். தண்ணீர்க் கரையிலிருந்து தள்ளியே குதிரையைக் கழுவுங்கள். குதிரை முகாம்கள் பலவற்றைத் தன்னார்வக் குதிரைக்காரர்கள்தான் பேணுகிறார்கள். ஒருவர் குப்பையாக விட்டுப்போனால் அடுத்த ஆண்டு எல்லோருக்கும் அனுமதி குறையும்.

எடுத்துவைக்க வேண்டியவை:

- வாளி இரண்டு, 100 லிட்டர் தண்ணீர், ஹோஸ்
- உலர்புல், உப்பு, எலக்ட்ரோலைட்
- உயர்கயிறு, மரத்தில் சுற்றும் பட்டைகள், மாற்றுத் தலைக்கட்டு, கத்தி
- தெர்மாமீட்டர், ஸ்டெதஸ்கோப், கட்டுத்துணி, கிருமிநாசினி
- லாடம் கழன்றால் மாட்டக் குளம்புறை
- வாருகோல், தள்ளுவண்டி, தலைவிளக்கு
- அருகிலுள்ள இரண்டு கால்நடை மருத்துவமனைகளின் எண்கள், தாளில் எழுதியது. அடிவாரப் பள்ளங்களில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு

வீடு சேர்ந்த பிறகும் இரண்டு நாள் கவனிப்பைத் தளர்த்தாதீர்கள். முகாமில் குடிக்காமல் விட்டதன் விளைவு குடலில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். சவாரி வேண்டாம். புல்லை நனைத்தே கொடுங்கள். வாளிக்கணக்கையும் லத்திக்கணக்கையும் தொடர்ந்து எழுதுங்கள். இரண்டும் வழக்கமான அளவுக்குத் திரும்பிய நாளில்தான் உங்கள் முகாம் முடிந்தது.